ரயில் போன தடத்தில் சைக்கிள்: மத்திய ஒட்டாகோவின் 152 கிலோமீட்டர்

நியூசிலாந்தின் தென்தீவில் மத்திய ஒட்டாகோ என்றொரு பகுதி. வறண்ட பள்ளத்தாக்குகள், மொட்டை மலைகள், ஆற்றை அணைகட்டி உண்டாக்கிய நீண்ட ஏரிகள். அங்கே கிளைடு என்ற சிற்றூரிலிருந்து மிடில்மார்ச் வரை 152 கிலோமீட்டருக்கு ஒரு சரளைப் பாதை போகிறது. மோட்டார் வாகனம் எதற்கும் அதில் இடமில்லை. சைக்கிள், நடந்து போகிறவர்கள், குதிரை, அவ்வளவுதான். நாட்டுச் சாலைகளைக் குறுக்கே கடக்கும் இடங்களில் மட்டும் நின்று இருபுறமும் பார்க்க வேண்டும். எப்போதாவது ஓர் ஆட்டு மந்தை பாதையைக் கடக்கும். இறங்கி ஓரமாக நின்றால் அதுவாகவே விலகிப் போய்விடும்.

இப்படி ஒரு பாதை எப்படிக் கிடைத்தது என்பதைத் தெரிந்துகொண்டால், எந்த டயர், எந்த கியர், ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் என்ற கேள்விகளில் பாதிக்கு அங்கேயே விடை வந்துவிடும். இது ரயில் ஓடிய தடம். டனீடன் நகருக்குப் பக்கத்து விங்கட்டுயியில் 1879இல் வேலை தொடங்கி, 1891இல் மிடில்மார்ச்சையும் 1907இல் கிளைடையும் 1921இல் குரோம்வெல்லையும் தொட்டது அந்த ரயில்பாதை. ஆடு, கம்பளி, பழம் என்று ஏற்றிப்போய், கடைசியில் கிளைடு அணை கட்டுவதற்கான பொருள்களையும் சுமந்து முடித்தபின், 1990இல் மிடில்மார்ச்சுக்கு மேலே உள்ள பகுதியை மூடினார்கள். இயற்கைப் பாதுகாப்புத் துறை 1993இல் தடத்தை வாங்கியது. தண்டவாளமும் கட்டைகளும் போன இடத்தில் பெரிய ஜல்லியை அகற்றி, பொடிச் சரளை போட்டு, பாலங்களுக்குப் பலகைத் தளமும் கைப்பிடியும் வைத்து, 2000இல் திறந்துவிட்டார்கள்.

நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் இந்தத் தடத்தில் எங்கேயும் ஏற்றம் 50க்கு 1ஐத் தாண்டுவதில்லை, அதாவது 2 சதவீதம். கிலோமீட்டருக்கு 20 மீட்டர் உயரம். வழியிலுள்ள சாட்டோ கிரீக் என்ற சிற்றூரைத் தாண்டி வரும் டைகர் ஹில் என்ற பெயரைக் கேட்டு மிரள்பவர்கள் உண்டு. பழைய சாலைக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். ரயில் தடம் மலையை நேரே ஏறாமல் நீளமாக வளைந்து சுற்றிப் போகிறது. கிளைடில் கடல்மட்டத்திலிருந்து இருநூறு மீட்டருக்கும் குறைவாக இருக்கும் பாதை, ஏறக்குறைய பாதி வழியில், ஓடுரீஹுவாவுக்கும் வெடர்பர்னுக்கும் நடுவே 618 மீட்டரைத் தொட்டு, பிறகு மறுபக்கம் இறங்குகிறது. சராசரியாகப் பார்த்தால் ஏற்றம் 1 சதவீதம்கூட வராது.

இதைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் ஒரே நாளில் 100 கிலோமீட்டர் போய்விடலாமே" என்று கணக்குப் போடுவார்கள். பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். இந்தப் பாதையில் மலை என்பது காற்றுதான்.

கணக்காகவே பார்க்கலாம். ஆளும் சைக்கிளும் மூட்டையும் சேர்ந்து 90 கிலோ, வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2 சதவீத ஏற்றத்தில் புவியீர்ப்பு பின்னால் இழுக்கும் விசை சுமார் 18 நியூட்டன். நன்றாக இறுகிய சரளையில் டயர் உருளும் தடை 10, 11 நியூட்டன். காற்றே இல்லாத நாளில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவருக்குக் காற்றுத் தடை 5 நியூட்டன். இப்போது எதிரே மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசட்டும். மத்திய ஒட்டாகோவில் அது பெரிய காற்றே இல்லை. காற்றுத் தடை 5இலிருந்து 47 நியூட்டனுக்குத் தாவுகிறது. கூடுதலாக வந்த அந்த 42 நியூட்டன் ஏறக்குறைய 4.7 சதவீத ஏற்றத்துக்குச் சமம். அதாவது ரயில் தடத்தின் மிகக் கடுமையான ஏற்றத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல். அதுவும் வளைவு தாண்டினால் முடிந்துவிடும் ஏற்றமில்லை, நாள் முழுக்க நீடிக்கும். சம தரையில் 15 கிலோமீட்டர் வேகத்துக்கு 65 வாட் போதுமாக இருந்த காலுக்கு, இப்போது 240 வாட் வேண்டும். பழக்கமில்லாதவருக்கு அதை ஒரு மணி நேரம் தாங்குவதே கடினம். வேகத்தை 8, 9 கிலோமீட்டராகக் குறைப்பதுதான் வழி.

அதனால் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு விடை, தடம் எந்தத் திசையில் போகிறது என்பதில் இருக்கிறது. கிளைடிலிருந்து ஓடுரீஹுவா வரை பாதை கிழக்கு-வடகிழக்காகப் போகிறது. அங்கிருந்து ரான்ஃபர்லி, வைப்பியாட்டா வழியாகத் தென்கிழக்கே இறங்கி, ஹைடுக்குப் பிறகு நேர் தெற்காகத் திரும்புகிறது. இப்பகுதியின் பெருங்காற்று வடமேற்குக் காற்று. கிளைடில் தொடங்கினால் முதல் பாதியில் அது இடப்பக்கம், சற்றே பின்னாலிருந்து அடிக்கும். வெடர்பர்ன் தாண்டியதும் முதுகில் தள்ளும். மிடில்மார்ச்சிலிருந்து வந்தால் இதே காற்று ரான்ஃபர்லிக்கும் வெடர்பர்னுக்கும் இடையே முகத்தில் அறையும், அதுவும் ஏற்றத்தில். என் தேர்வு கிளைடுதான். ஒரே ஒரு எச்சரிக்கை. வடமேற்குக் காற்று ஓய்ந்ததும் தெற்கிலிருந்து குளிர்காற்று மாறி அடிக்கும் வழக்கம் அந்த ஊரில் உண்டு. அப்படி மாறும் நாளில் ஹைடு – மிடில்மார்ச் 27 கிலோமீட்டரும் எதிர்க்காற்று. முன்னறிவிப்பில் தென்காற்று மாற்றம் பிற்பகல் என்று இருந்தால், காலை 7 மணிக்கே கிளம்பிவிடுங்கள். பொதுவாகவே இங்கே காலை நேரம் அமைதியாக இருக்கும், காற்று மதியத்துக்கு மேல் வலுக்கும்.

இனி டயர். இந்தத் தடத்துக்குப் பெரிய கட்டைகள் வைத்த மலைச் சைக்கிள் டயர் தேவையில்லை. 40 முதல் 45 மில்லிமீட்டர் அகலம், நடுவில் வழவழப்பாகவும் ஓரங்களில் சிறு கட்டைகளுடனும் உள்ள டயர் பொருத்தம். 35க்குக் கீழே போனால், புதிதாகச் சரளை கொட்டிய இடங்களில் முன்சக்கரம் அலையும். ஊர்களை நெருங்கும் இடத்தில் தரை இறுகிக் கிடக்கும்; மலையை வெட்டிய பள்ளங்களில் பக்கச்சுவரிலிருந்து உதிர்ந்த பாறைச் சில்லு கிடக்கும். இங்குள்ள பாறை அடுக்கடுக்காகப் பிளக்கும் வகை. சில்லின் ஓரம் கத்திபோல் இருக்கும், டயரின் பக்கவாட்டைக் கீறிவிடும். வெட்டுப் பள்ளங்களில் நடுத்தடத்தை விட்டு ஓரம் கட்டாதீர்கள்.

காற்றழுத்தம்: 75 கிலோ ஆளுக்கு, 10 கிலோ மூட்டையோடு, ட்யூப் இல்லாத 40 மில்லிமீட்டர் டயரில் முன்னால் 30, பின்னால் 34 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்குங்கள். ட்யூப் போட்டிருந்தால் இரண்டிலும் 5 கூட்டிக்கொள்ளுங்கள். சாலையில் பழகியவர்கள் 55, 60 என்று ஏற்றிவிட்டு, மூன்றாம் மணி நேரத்தில் உள்ளங்கை மரத்துப்போய் நிற்பார்கள். காற்று அதிகமானால் டயர் கல்லை விழுங்காமல் அதன்மேல் எகிறும். எகிறும் ஒவ்வொரு முறையும் வேகமும் போகும், மணிக்கட்டும் அடிவாங்கும். மிகவும் குறைத்தாலும் ஆபத்து வேறு இடத்தில் காத்திருக்கிறது: பாலங்கள். மண்மேடு காலப்போக்கில் கொஞ்சம் அமுங்கும், பாலத்தின் பலகைத் தளம் அமுங்காது. இரண்டும் சேரும் இடத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் படி உண்டாகியிருக்கும். குறைந்த காற்றோடு வேகமாக அதில் மோதினால் ட்யூப் ரிம்முக்கும் பலகைக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரட்டைத் துளை விழும். பாலத்துக்கு முன்னால் இருக்கையிலிருந்து லேசாக எழுந்து, முன்சக்கரத்தின் பாரத்தைக் குறைத்தால் போதும்.

அடுத்தது முள். காட்டு ரோஜாப் புதர் மத்திய ஒட்டாகோ முழுக்க மண்டிக் கிடக்கிறது. தங்கம் தேடிப் பலரும் வந்து குடியேறிய காலத்தில் கொண்டுவரப்பட்ட செடி. வளைந்த, அடி பருத்த முள். காற்றுக்குப் பின்னும் ஓரங்களை வெட்டிச் சீர்செய்தபின்னும் துண்டுக் கிளைகள் பாதையில் கிடக்கும். இதற்காகவே ட்யூப் இல்லாத டயரைச் சிபாரிசு செய்கிறேன். ஒரு டயருக்கு 60 மில்லிலிட்டர் அடைப்புத் திரவம் வேண்டும். இந்த வறண்ட காற்றில் அது சீக்கிரம் காய்ந்துவிடும். கிளம்புமுன் சக்கரத்தைக் கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே சளசளக்கவில்லை என்றால் திரவம் தீர்ந்துவிட்டது. முள் ஏறினால் பிடுங்கியதும் துளை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி ஒரு நிமிடம் நிறுத்துங்கள், திரவம் அங்கே தேங்கி அடைக்கும். இன்னும் சீறினால் ரப்பர் திரி ஒன்றைச் செருகுங்கள்.

ட்யூப் வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தில் பொறுமை காட்டியே ஆக வேண்டும். இந்த முள் டயருக்குள்ளேயே நுனி ஒடிந்து தங்கிவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. விரலால் தடவினால் விரலில்தான் ஏறும். ஒரு பழைய துணியைச் சுருட்டி டயரின் உட்புறம் மெதுவாக ஒரு சுற்று ஓட்டுங்கள், நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே முள் இருக்கிறது. உள்ளிருந்து வெளியே தள்ளிக் குறடால் இழுங்கள். இதைச் செய்யாமல் புது ட்யூப் போட்டால் அரை கிலோமீட்டரில் அதே இடத்தில் மறுபடியும் பஞ்சர். ஆளுக்கு இரண்டு ட்யூப், ஒட்டுப்பொட்டலம், டயர் கிழிந்தால் உள்ளே வைக்க ஒரு தடித்த ரப்பர் துண்டு, செயின் இணைப்புக் கண்ணி, பின்கியரைச் சட்டத்தோடு பிணைக்கும், உங்கள் சைக்கிளுக்கே உரிய கொக்கி ஆகியவை கட்டாயம். கொக்கி ஒவ்வொரு சைக்கிளுக்கும் வேறு வடிவம். அந்தச் சிற்றூர்களில் கிடைக்காது.

அதிர்வு போல்ட்டுகளைத் தளர்த்தும். மாலையில் தங்கும் இடத்தில் ஐந்து நிமிடம் செலவழித்து, மூட்டை மாட்டும் சட்டத்தின் போல்ட், தண்ணீர்க் குடுவை மாட்டியின் போல்ட், காலணியைப் பெடலோடு பிணைக்கும் கொளுவியின் போல்ட் மூன்றையும் முறுக்கிப் பாருங்கள். செயினுக்கு ஈர எண்ணெய் வேண்டாம், தூசி அதில் ஒட்டி அரைக்கும் பசையாகிப் பல்சக்கரத்தின் பல்லைத் தின்னும். மெழுகு அல்லது உலர் எண்ணெய் போட்டு, தினமும் துணியால் துடைத்தால் போதும்.

வழியில் கால்நடை தாண்டாமல் இருக்கத் தரையில் இரும்புக் குழாய் பதித்த தடைகள் வரும். அவற்றை நேர்க்கோட்டில், குழாய்களுக்குச் செங்குத்தாக, மிதமான வேகத்தில் கடக்க வேண்டும். சாய்ந்து போனாலோ மேலேயே பிரேக் பிடித்தாலோ, அதுவும் மழை ஈரத்தில், சக்கரம் வழுக்கிவிடும். கேட் இருந்தால், திறந்திருந்ததைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியும் விட்டுச் செல்வதே அங்குள்ள விவசாயிகள் எதிர்பார்க்கும் மரியாதை.

பூல்பர்ன் பள்ளத்தாக்கு இந்தப் பாதையின் உச்சம். லாடரிலிருந்து ஓடுரீஹுவா போகும் 22 கிலோமீட்டரில் 37 மீட்டர் உயரப் பாலமும், 201, 229 மீட்டர் நீளத்தில் இரண்டு சுரங்கங்களும் வருகின்றன. சுரங்கத்துக்குள் விளக்கு கிடையாது. வெயிலிலிருந்து நுழைந்ததும் கண் பழகுவதற்குள் தரை மறைந்துவிடும், ஈரமும் மேடுபள்ளமும் இருக்கும். செல்போன் வெளிச்சம் போதாது. நல்ல முன்விளக்கு வையுங்கள், இல்லாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். ஹைடு பக்கத்தில் பிரைசஸ் கிரீக்கில் 152 மீட்டரில் இன்னொரு சுரங்கம் உண்டு. அதே ஹைடு அருகே ஒரு வெட்டுப் பள்ளத்தில்தான் 1943 ஜூன் 4 அன்று, வளைவில் அளவுமீறிய வேகத்தில் வந்த ரயில் தடம்புரண்டு 21 பேர் இறந்தார்கள். அவர்களுக்கு நினைவுக்கல் இருக்கிறது.

நாள் பிரிப்பு பற்றி. உடல் வலுவுள்ளவர்கள் இரண்டு நாளில் முடிக்கிறார்கள். நான்கு நாள்தான் சரி என்பது என் கருத்து, ஏனென்றால் ஊர்கள் அப்படி அமைந்திருக்கின்றன. கிளைடிலிருந்து அலெக்சாண்ட்ரா 8 கிலோமீட்டர், அங்கிருந்து சாட்டோ கிரீக் 17, ஒமகாவ் 12. முதல் நாளை அங்கே முடித்தால், இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஓஃபிர் கிராமத்தையும் அதன் 1880ஆம் ஆண்டுத் தொங்குபாலத்தையும் மாலையில் பார்க்கலாம். இரண்டாம் நாள் லாடர், பூல்பர்ன் வழியாக ஓடுரீஹுவா. அங்கே ஹேய்ஸ் பட்டறையைத் தவறவிடாதீர்கள். வேலிக்கம்பியை இழுத்து இறுக்கும் கருவியை உலகுக்கு விற்ற இடம், எந்திரங்கள் இன்னும் அப்படியே நிற்கின்றன. மூன்றாம் நாள் உச்சியைத் தாண்டி ரான்ஃபர்லி, வைப்பியாட்டா. நான்காம் நாள் ஹைடு, மிடில்மார்ச்: 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல், நடுவில் கடை என்று சொல்ல ஹைடு ஒன்றுதான். அன்று ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். சைவம் சாப்பிடுபவர்கள் அலெக்சாண்ட்ராவிலும் ரான்ஃபர்லியிலும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. சின்ன ஊர் விடுதிகளில் சமையலறை சீக்கிரமே மூடிவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் ரயில் தடத்துக்கு. கிளைடுக்கு மேலே குரோம்வெல் வரை போன அதே ரயில் தடம் இன்று இல்லை. 1992, 93இல் கிளைடு அணைக்குப் பின்னால் டன்ஸ்டன் ஏரி நிரம்பியபோது, பள்ளத்தாக்கிலிருந்த தடமும் பழைய குரோம்வெல் ஊரின் ஒரு பகுதியும் நீருக்கடியில் போய்விட்டன. நெடுஞ்சாலை ஒரு கரையை எடுத்துக்கொண்டது. சைக்கிளுக்கு மிஞ்சியது எதிர்க்கரைப் பாறைச்சரிவு. அதில் 2021 மே மாதம் திறந்ததுதான் டன்ஸ்டன் ஏரிப் பாதை. குரோம்வெல்லின் பழைய நகர்ப்பகுதியிலிருந்து பானக்பர்ன் சுற்றி வரும் முதல் பகுதி எளிது. கார்னிஷ் முனை தாண்டியதும் பாதையின் குணமே மாறுகிறது. எஞ்சினுக்காக வெட்டாத பாதை இது, ஏற்றத்துக்கு 2 சதவீத வரம்பு கிடையாது. கெய்ர்ன்மியூர் ஏணி என்று பெயர் பெற்ற பகுதியில் ஊசிமுனைத் திருப்பங்களாக ஏறுகிறது. சில இடங்களில் பாறையில் இரும்புச் சட்டம் அடித்து, ஏரிக்கு மேல் அந்தரத்தில் பலகை போட்டிருக்கிறார்கள். 80 மீட்டருக்கு மேல் நீளமுள்ள தொங்குபாலமும் உண்டு.

ரயில் தடத்தில் வந்த அதே சைக்கிளோடு இங்கே வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது கியர். முன்னால் 40 பல், பின்னால் பெரியது 34 பல் என்றால் ரயில் தடத்துக்குத் தாராளம், இங்கே முழங்காலை முறித்துவிடும். பின்னால் 42 பல்லாவது வேண்டும். பிரேக் பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டு வாருங்கள். இருபுறமும் பெட்டிபோல் தொங்கும் அகலமான பைகள் உள்பக்கப் பாறையில் உரசும், உரசினால் சைக்கிள் ஏரிப் பக்கம் தள்ளப்படும். சுமையைச் சட்டத்துக்குள்ளும் இருக்கைக்குப் பின்னாலும் ஒடுக்கமாகக் கட்டுங்கள். காலைப் பெடலோடு பிணைக்கும் காலணியும் இங்கே வேண்டாம். இருதிசைப் போக்குவரத்து உண்டு; மறைந்த திருப்பங்களில் மணி அடியுங்கள், எதிரே ஆள் வந்தால் நின்று வழிவிடுங்கள். கார்னிஷ் முனைக்கும் அணைக்கும் இடையே சாலையில் ஏறி வெளியேற வழியில்லை, குடிநீர் இல்லை, நிழல் மிகக் குறைவு. உயரம் கண்டு தலைசுற்றுபவர்களும் சிறு பிள்ளைகளும் பானக்பர்ன் வரை போய்த் திரும்பினாலே நல்ல நாள்தான். பேட்டரி சைக்கிள் ஏற்றத்துக்கு உதவும். ஆனால் அதன் எடையை ஒடுங்கிய திருப்பத்தில் நிறுத்தித் தாங்க உங்களால் முடிகிறதா என்று முதலில் சமதரையில் சோதித்துப் பாருங்கள்.

அலெக்சாண்ட்ராவிலிருந்து தெற்கே ராக்ஸ்பரோ பள்ளத்தாக்குப் பாதையும் இருக்கிறது. நடுவில் சுமார் 12 கிலோமீட்டருக்குப் பாதையே கிடையாது, சைக்கிளோடு படகில் போக வேண்டும். படகை முன்பதிவு செய்யாமல் போனால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

காலம்: அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. மார்ச் கடைசியும் ஏப்ரலும் சிறந்தவை, காற்று அடங்கியிருக்கும், மரங்கள் பொன்னிறமாகும். குளிர்காலத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஓஃபிரில் 1995 ஜூலையில் மைனஸ் 21.6 டிகிரி பதிவாகியிருக்கிறது. கோடையில் பிரச்சினை வெயில். வெப்பம் நமக்குப் பெரிதாகத் தோன்றாது, 28, 30 டிகிரிதான். ஆனால் புற ஊதாக் கதிர் அங்கே மிகக் கடுமை, கறுத்த தோலும் கருகும். கழுத்து, காதுமடல், முழங்காலின் பின்புறம் மூன்றுக்கும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை களிம்பு பூசுங்கள். ஹெல்மெட் அந்நாட்டில் 1994 முதல் சட்டப்படி கட்டாயம்.

வாடகைச் சைக்கிள் கிளைடிலும் அலெக்சாண்ட்ராவிலும் எளிதாகக் கிடைக்கிறது. சொந்தச் சைக்கிளை விமானத்தில் கொண்டுபோவதானால், டயர் கட்டைகளின் இடுக்கு, பெடல், சட்டத்தின் அடிப்புறம், காலணியின் அடி என்று ஒரு துகள் மண் இல்லாமல் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். வருகைப் படிவத்தில் "பயன்படுத்திய சைக்கிள்" என்று அறிவித்துவிடுங்கள். அறிவித்தால் பார்த்துவிட்டு விடுவார்கள். மறைத்தது தெரிந்தால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். மிடில்மார்ச்சிலிருந்து டனீடனுக்கு ரயிலில் போகலாம் என்று பழைய பயணக் குறிப்புகளில் இருக்கும். அதை நம்பித் திட்டமிடாமல், சைக்கிள் ஏற்றும் வேனைக் கிளைடில் கிளம்புமுன்பே பதிவுசெய்து, மிடில்மார்ச் சேரும் நேரத்தைத் தென்காற்றுக்கும் இடம்விட்டு இரண்டு மணி நேரம் தள்ளியே சொல்லுங்கள்.